மூன்றாம் ரோலரும் அம்மாவும்

22.04.2003, செவ்வாய்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை பஸ், அதற்கு மேல் தோட்டத்து லொறி. மடியில் பல்கலைக்கழகத்தின் மடிக்கணினி. வழியெல்லாம் அதைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வந்ததில் கை மரத்துவிட்டது. லயத்து வீட்டு வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். “என்னடி வடிவு, வெள்ளிக்கிழமை போயிருவியா, இல்ல இது சீதனமா?”

மூன்று மாதம் இருப்பேன் என்றேன். நம்பவில்லை.

பேராதனையில் என் எம்.ஃபில். ஆய்வு: இயந்திரத்தின் அதிர்வைச் சிற்றலைகளாகப் பிரித்துப் பார்த்து, பேரிங் உடைவதற்கு முன்பே கண்டுபிடிப்பது. எந்த ஃபெக்டரியிலும் செய்யலாம். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியைக் கேட்டு வாங்கினேன். என் ஆய்வை மேற்பார்க்கும் ஜெயரத்தினம் சாரிடம் சொன்ன காரணம், இங்கே கொழுந்தை உருட்டிப் பிசையும் மூன்றாம் ரோலர் மிகப் பழையது, ஆய்வுக்கு நல்லது. சொல்லாத காரணம் அம்மா.

வருசப் பிறப்புக்கு முந்தின வாரம் கொழுந்து மலையில் விழுந்திருக்கிறார். கேட்டால் வழுக்கிவிட்டதாம். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் வீரம்மா அக்காவின் கடிதம் வேறு சொல்கிறது: “கண்ணு மேல சொருகிருச்சு வடிவு. இது மூணாவது தடவ. நான் எழுதுனேன்னு சொல்லிராத.”

அப்பா போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று மாதத்தில் ரோலரையும் பார்க்க வேண்டும், அம்மாவையும் பார்க்க வேண்டும். எது அதிகம் ஒத்துழைக்கும் என்று பந்தயம் கட்டினால் ரோலர் பக்கம்தான் கட்டுவேன்.

24.04.2003, வியாழன்

முதல் அளவீடு. ஃபெக்டரி வாசலில் காவல் நிற்கும் சாமி ரோதைமுனிக்குத் தேங்காய் உடைக்காமல் தொடங்க முடியாது என்றார் ஃபிட்டர் பழனியாண்டி அண்ணன். அந்த ரோலிங் அறையில் எல்லா இயந்திரமும் அவர் கையில்தான். உடைத்தோம். ரோலருக்குச் சந்தனம் வைத்தார், எனக்கு வைத்தார், நான் திரும்புவதற்குள் அதிர்வை உணரும் என் சென்சரின் அடியிலும் வைத்துவிட்டார்.

அங்கே சந்தனம் இருந்தால் மெல்லிய அதிர்வு மேலே ஏறாது என்று விளக்கினேன். “முனிக்கே தெரியாத அதிர்வா இந்தப் பொத்தானுக்குத் தெரியப் போவுது?” என்றார். துடைத்துவிட்டு மெழுகால் ஒட்டினேன். வயரில் ஒரு பொட்டை மட்டும் விட்டுவைத்தேன். ஆய்வேட்டில் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

30.04.2003, புதன்

மூன்றாம் ரோலர், ஐந்து பதிவு. ஐந்தும் சுத்தம். எனக்கு முன்பே பிறந்த இயந்திரம். என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

06.05.2003, செவ்வாய்

ரொட்டி சுட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: “மெசினுக்கு நாடி பாக்கவா உன்ன அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்?”

சொல்லிப் பார்த்தேன். பழைய முறைக் கணக்கு, இன்றைக்கு எவ்வளவு மழை, எவ்வளவு தூறல் என்று மொத்தமாகத்தான் சொல்லும். சிற்றலைக் கணக்கு, எத்தனை மணிக்கு எந்த மழை என்று பிரித்துச் சொல்லும். பேரிங்கில் ஒரு விரிசல் இருந்தால், குண்டு அதைக் கடக்கும் நேரத்தில் மட்டும் டக் என்று ஒரு தட்டு. மொத்தக் கணக்கில் அது கரைந்து போகும். சிற்றலையில் அகப்படும். நெஞ்சும் அப்படித்தான், எப்போதாவது ஒரு தடவை தவறினால் —

“அதானே பாத்தேன். எங்கடா சுத்தி நெஞ்சுக்கு வர்றாளேன்னு.”

மாட்டிக்கொண்டேன். வீரம்மா அக்காவைக் காட்டிக் கொடுக்காமல் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் ஹட்டன் டாக்டரிடம் வருவதாக ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்குப் போவது மாதிரி ஒரு நாள் குறித்தார்.

10.05.2003, சனி

ஹட்டன். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார், சில நொடிக் காகிதம். எல்லாம் சரி. இரத்தம் கொஞ்சம் குறைவு, கீரை சாப்பிடச் சொன்னார். அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் வெற்றிப் புன்னகை. பஸ்ஸில் பக்கத்திலிருந்த ஆளிடமெல்லாம் “எம் மக எஞ்சினியரு. எனக்கு நோவு வருத்தம் தேடுறா, கெடைக்கல” என்கிறார்.

13.05.2003, செவ்வாய்

மஸ்கெலியா கொமியூனிகேஷன் கடையிலிருந்து சாருக்கு அழைத்தேன். பதினொரு பதிவு, ஒன்றிலும் ஒரு தட்டுக்கூட இல்லை என்றேன். சார் யாழ்ப்பாணத்து மெதுவான குரலில் சொன்னார்: “நீர் ரோலரைப் பாக்கேல்லைப் பிள்ளை. ரோலர்தான் உம்மைப் பாத்துக்கொண்டிருக்குது.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். ஜூலை கடைசியில் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும்.

18.05.2003, ஞாயிறு

எங்கள் துறையில் யாரோ செய்து பாதியில் விட்ட ஈ.சி.ஜி. பெட்டி ஒன்று என் பையில் இருக்கிறது. சோப்புக்கட்டி அளவு. பேட்டரியில் ஓடும், மூன்று வயர், ஆறு மணி நேரம் பதியும். இன்றைக்கு அம்மாவுக்கு மாட்டினேன்.

தலைக்குக் குளித்து, தீபாவளிச் சேலை கட்டி, பலகையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்த இரண்டு மணி நேரத்தை என் ஆயுளில் இன்றைக்குத்தான் பார்த்தேன், அதையே ஒரு ஆய்வாக எழுதலாம்.

சுத்தமான பதிவு. பாடப்புத்தகத்தில் போடலாம்.

எனக்கு நிம்மதிதான். நிம்மதிதானே? வீரம்மா அக்கா ஏன் பொய் எழுத வேண்டும்?

03.06.2003, செவ்வாய்

மூன்றாம் ரோலர் இன்று காலை இறுகி நின்றுவிட்டது. கியர் பெட்டியின் பேரிங் சுக்குநூறு. வாடிய கொழுந்து மாடியில் குவிந்து கிடக்க, எல்லோரும் ஓடுகிறார்கள். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு நான் எடுத்த பதிவு என்ன சொல்கிறது? சுத்தம்.

டீமேக்கர் சிவரூபன் ஐயா, ஃபெக்டரி முழுவதுக்கும் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்திலும் மரியாதை தவற மாட்டார். என் பக்கமாக வந்து மெதுவாகக் கேட்டார்: “என்ன தங்கச்சி, ரோலர் நேற்று உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லையோ? உங்களோடதானே நல்ல வாரப்பாடு?”

நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. சொல்லவே இல்ல. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டுகூட இல்ல. ஒரு மாசமா நான் என்னத்தத்தான் அளந்தேன்?

04.06.2003, புதன்

தெரிந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

உடைந்த பேரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தேன். விரிசல் பழையது, குழி விழுந்து மழுங்கியிருக்கிறது. ஒரு மாதமாவது இருக்கும். அப்படியானால் என் பதிவில் வந்தே ஆக வேண்டும். பழனியாண்டி அண்ணனிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

“நீ அளக்க வர்றேன்னா சும்மா விட்டுருவோமா? முதல் நாளே கிரீஸ் அமுக்கிருவேன். கொழுந்து பாதிதான் போடுவோம். அமுக்குற மூடியத் தூக்கி விட்டுருவேன். மெசினு பூ மாதிரி ஓடும்.”

“ஏண்ணே?”

“என்ன கேள்வி இது. ஒனக்குப் பரீட்சை. மெசினு கெட்டுதுன்னு வந்தா ஒன்ன பாஸாக்குவாங்களா? லயத்துப் புள்ள மொதமொத இம்புட்டுப் படிக்குது, எங்களால ஆனது.”

பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே வெள்ளையடித்து, சாக்கடைக் காணைக் கழுவி, நோஞ்சான் ஆட்களைப் பின்வரிசைக்குத் தள்ளித்தான் இந்தத் தோட்டம் நூறு வருடமாகப் பிழைத்திருக்கிறது. நானும் ஒரு துரையாகிவிட்டேன் போல. ரோலிங் அறை முழுவதும் கூட்டுச் சேர்ந்து, அன்பினால், என் ஆய்வைக் கொன்றிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், எனக்கும் முனிக்கும்தான் தெரியாது. முனிக்கும் தெரிந்திருக்கும்.

கோபப்பட முடியவில்லை. எனக்குக் கெட்டுப்போனதுதான் வேண்டும், கெட்டது வந்தால்தான் பாஸ் என்று சொன்னேன். அண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். “இதென்ன படிப்பு” என்றார்.

அதே நாள், மாலை

தேயிலைத்தூள் வாங்க வந்த வீரம்மா அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து, பிறகு சொன்னார்: “ஒங்கம்மாவும் அப்படித்தானே. ஹட்டனுக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு நாளு வேலைக்கே வரல. படுத்துக் கெடந்து, களைப்பெல்லாம் தீர்த்துக்கிட்டுல போனா.”

தீபாவளிச் சேலை. பலகை. இரண்டு மணி நேரம் அசையாமல்.

அம்மாவும் எனக்குக் கிரீஸ் போட்ட ரோலரைத்தான் காட்டியிருக்கிறார்.

05.06.2003, வியாழன்

கேட்டேன். முதலில் மழுப்பல், பிறகு வேறு பேச்சு, பிறகு திட்டு. கடைசியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வருத்தக்காரின்னு தெரிஞ்சா வேலைப் பதிவுல பேர வெட்டிருவாங்க. தோட்டத்துல பேரில்லாட்டி இந்த லயத்துக் காம்பரா யாருக்கு? நீ லீவுக்கு எங்க வந்து எறங்குவ? பஸ் ஸ்டாண்டுலயா?”

ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

“அதுவுமில்லாம ஒம் பொட்டில நான் நல்லா வரணும்ல. மெசினு நல்லா வந்து, பெத்தவ மோசமா வந்தா ஒனக்குத்தானே கேவலம்.”

ஐயோ அம்மா.

உடம்பைப் பற்றி எடுத்துச் சொல்லி இவரை அசைக்க முடியாது, இருபத்தெட்டு வருட அனுபவம். அதனால் ஒரு பொய் சொன்னேன். பாதிப் பொய். ரோலர் உடைந்துவிட்டது, கையில் கெட்ட பதிவு ஒன்றுகூட இல்லை, நெஞ்சுப் பதிவிலாவது ஒரு கெட்டது கிடைக்காவிட்டால் நான் பெயில் என்றேன்.

அடுப்பிலிருந்து திரும்பினார். “நெசமாவே பெயிலா?”

“நெசமா.”

“அப்ப மாட்டுடி. மலையில வச்சு மாட்டு.”

எவ்வளவு சுலபம். தன் உயிருக்காக அரை அங்குலம் நகராத மனுசி.

09.06.2003, திங்கள்

ஐந்து மணிக்கே மாட்டினேன். பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்குக்குள் வைத்துக் கட்டினேன். குளிக்கக் கூடாது என்றேன், குளிக்கவில்லை. ஏறும்போது நிற்கக் கூடாது என்றேன், வீரம்மா அக்காவுக்கு முன்னால் ஏறினாராம். தலையில் கூடைக் கயிறு, மழை, அட்டை. பன்னிரண்டு மணிக்கு இறங்கி வந்து பெட்டியை என் கையில் வைத்தார். “இந்தா ஒன் பாஸு.”

பிற்பகல் முழுவதும் பிரித்தேன். பதிவு ஒரே இரைச்சல். கை கொழுந்து ஒடிக்கிறது, தோள் அசைகிறது, கயிறு இழுக்கிறது, எல்லாத் தசையும் கத்துகிறது. சிற்றலையில் படிப்படியாகப் பிரித்தால், மெல்லிய அடுக்குகளில் தசையின் இரைச்சல் விழும். நடு அடுக்கில் நெஞ்சின் துடிப்பு தனியாக வந்து நிற்கும். நின்றது. அழகாக, வரிசையாக.

9.47க்கு நடு அடுக்கு வெறுமை. நான்கரை விநாடி. ஒன்றுமே இல்லை.

வயர் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எவரும் நினைப்பார்கள். மெல்லிய அடுக்கைப் பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருக்கிறது. வயர் கழன்றிருந்தால் அந்தத் தசைகளின் இரைச்சலும் இப்படி வந்திருக்காது. வயர் கழலவில்லை.

கை வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. நெஞ்சு நின்றிருக்கிறது.

10.31க்கு மறுபடியும். மூன்று விநாடி.

அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். “கெடைச்சிச்சா?” என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோசம். எனக்கு அங்கே உட்கார முடியல, பின்னால போயி நின்னு அழுதேன்.

10.06.2003, செவ்வாய்

ஹட்டன் டாக்டர். 9.47 இடத்தை நான் வரைந்து கொண்டுபோன காகிதத்தைப் பார்த்தவுடன், வயர் கழன்றிருக்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம், நானும் அதைத்தான் நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்து இரண்டு அடுக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினேன். மேலே துடிப்பு இல்லை, கீழே தசை இருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “இதை எதில் படித்தீர்கள்?” என்றார்.

ரோலரில் என்றேன்.

அங்கேயே கண்டிக்குக் கடிதம் எழுதினார். வீட்டுப் பெட்டியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அவர்களும் ஒரு நாள் முழுக்கப் பதிந்து பார்ப்பார்கள் என்றார். அதுவரை மலை ஏறக் கூடாதாம்.

12.06.2003, வியாழன்

அம்மாவை மலை ஏறாமல் வைத்திருப்பது மூன்று ரோலரைக் கையால் சுற்றுவதற்குச் சமம்.

17.06.2003, செவ்வாய்

கண்டி, வார்டு. அம்மா பை கட்டிய விதத்தைப் பார்த்தால் ஊர் மாறிப் போகிறவர் மாதிரி. கழுத்தில் ஒரு பதிவுப் பெட்டி தொங்குகிறது, என்னுடையதைவிட அழகானது. அம்மா அதைத் தட்டிப் பார்த்து, “ஒன்னோடதுதான் கனம். இது சும்மா வெளையாட்டுச் சாமான்” என்றார். தாயின் பாசத்துக்கு எடை தெரியாது.

பின்னேரம் தாதி என்னைத் தேடி வந்து சிங்களத்தில் முறையிட்டார். அம்மா படுக்கையில் இருப்பதில்லையாம். மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்தால் மறுபடியும்.

அம்மாவிடம் போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சும்மா படுத்துக் கெடந்தா கெட்டது எப்படிடி வரும்? ஒனக்குப் பெயிலாயிரும்ல.”

அந்தப் பொய்யை உடனே திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. படுங்கம்மா, வந்தது போதும் என்று மட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் விரல் நாடியில் இருப்பது அவருக்குத் தெரியாத மாதிரி.

18.06.2003, புதன்

அவர்களுடைய பெட்டியிலும் வந்துவிட்டது. மூன்று தடவை. பெரிய டாக்டர் சொன்னார்: நெஞ்சின் உள்ளே ஓடும் மின்சாரம் இடையிடையே அறுகிறது, அப்படியே விட்டால் ஒரு நாள் திரும்ப வராமல் போகலாம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும்.

அம்மாவின் ஒரே கேள்வி: “அது மழையில நனைஞ்சா பரவாயில்லயா?”

01.07.2003, செவ்வாய்

வைத்தாயிற்று. நன்றாக இருக்கிறார். தூங்குகிறார். வாய் மூடித் தூங்குகிறார், அதுவே புதுமை.

24.07.2003, வியாழன்

ஃபெக்டரி. பழனியாண்டி அண்ணன் இப்போது மறுபக்கத்துக்குப் போய்விட்டார். நான் வருகிறேன் என்றால் முழுக் கொழுந்து, முழு அமுக்கு, கிரீஸ் அறவே இல்லை. “தாராளமா எடு, நாசமாப் போன மெசினு” என்கிறார். வேண்டாம் அண்ணே, தினமும் ஓடுகிற மாதிரி ஓட்டுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அப்படி ஓட்டியதில் முதலாம் ரோலரில் ஒழுங்கான இடைவெளியில் ஒரு தட்டு அகப்பட்டது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் மயிரிழை விரிசல். நிற்பதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள். சிவரூபன் ஐயா பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதலாம் ரோலரோட மட்டும் கதைக்கிறியள். மூண்டாம் ரோலர் இதைக் கேட்டால் கவலைப்படும்.”

அறிக்கை போய்விட்டது. அம்மாவின் பதிவை அதில் சேர்க்கவில்லை. சார் ஏன் என்று கேட்டார். அது வீட்டு விசயம் என்றேன்.

02.09.2003, செவ்வாய்

அம்மாவின் பேரை வெட்டவில்லை. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். காம்பராவும் இருக்கிறது. அங்கே பதினேழு குழந்தைகள், பதினேழும் இப்போது அம்மா மாதிரியே பேசுகின்றனவாம்.

02.11.2003, ஞாயிறு

விடுமுறைக்கு வந்தேன். கண்டியில் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் எனக்காக ஒரு தடவை என் பெட்டியை மாட்டட்டுமா என்று கேட்டேன். மாட்டு என்றார், உடனே.

காலையில் மாட்டியவர் காணாமல் போய்விட்டார். வீரம்மா அக்கா வந்து சொன்னார், மேல்மலைப் பாதையில் விறகுக் கட்டோடு ஏறிக்கொண்டிருக்கிறாராம், கேட்டதற்கு “வடிவு வேலை” என்றாராம். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார். கூப்பிட்டுத் திட்ட வாய் எடுத்தேன். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆறு மணி நேரப் பதிவு. அடுக்கடுக்காகப் பிரித்தேன். கீழே தசை கத்துகிறது, விறகு, ஏற்றம், எல்லாம் இருக்கிறது. நடு அடுக்கில் துடிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக. முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

“எத்தன கெடைச்சிச்சு?” என்று அம்மா கேட்டார்.

“ஒண்ணுமே இல்லம்மா.”

முகம் விழுந்துவிட்டது. “அம்புட்டு ஏறுனேனே.” காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு கேட்டார், “அப்ப பெயிலா?”

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“விடுடி. இதுக்குப் போயி அழுவாங்களா? அடுத்த வருசமும் எழுதலாம். நான் எங்க போயிறப் போறேன்.”